ஆர்.எம்.எஸ் மூடினால் யாருடைய வேலை போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.எம்.எஸ்ஸில் 34 வருடம் சார்ட்டிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசியாக நான் வேலை பார்த்த அலுவலகத்தைக் கோட்டத் தலைமையகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து போனிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகள்தான். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

ஆர்.எம்.எஸ்னா என்ன சார்? அதுவும் தபால் ஆபீஸ்தானே?

தபால் ஆபீஸ் கடிதத்தை வாங்கும், கடைசியில் பட்டுவாடா செய்யும். நடுவில் எந்தக் கடிதம் எந்த ஊர்ப் பையில் போக வேண்டும் என்று பிரிப்பது ஆர்.எம்.எஸ். அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். 1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடும் ரயிலிலேயே கடிதம் பிரிக்க ஆரம்பித்தார்கள். 1907-ல் இந்தப் பெயர் வந்தது. ரயில் பெட்டிக்குள் நின்றுகொண்டே இரவு முழுக்கச் சார்ட்டிங் செய்த காலம் அது. அதற்குச் 'செக்‌ஷன்' என்று பெயர். ஓடும் ரயிலில் பிரிக்கும் வழக்கம் படிப்படியாக நின்றுபோனது. ஸ்டேஷனை ஒட்டியிருந்த அலுவலகங்கள் மட்டும் மிஞ்சின.

தமிழ்நாட்டில் திருச்சியைத் தலைமையாகக் கொண்ட 'டி' கோட்டம், மதுரையின் 'எம்.ஏ' கோட்டம், கோவையின் 'சி.பி' கோட்டம், சென்னையின் 'எம்' கோட்டம், சென்னை சார்ட்டிங் கோட்டம் என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் கீழே மாறுதல் பற்றிப் பேசும்போது உதவும்.

மூடுறாங்கன்னு நீங்க சொல்றீங்க. ஆர்டர்ல 'இணைப்பு'ன்னுதானே இருக்கு?

ஆர்டரில் அப்படித்தான் இருக்கும். சார்ட்டிங் அலுவலகங்களை எல்-1, எல்-2 என்று இரண்டு மட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். எல்-1 என்பது பெரிய மையம். எல்-2 என்பது அதற்குக் கீழே சுற்றுவட்டாரத்துக்குப் பிரித்துக்கொடுக்கும் சின்ன அலுவலகம். எல்-2-வின் வேலையை எல்-1-க்கு எடுத்துக்கொண்டு போவதைத்தான் இணைப்பு என்கிறார்கள். சில ஊர்களில் பைகளை ஏற்றி இறக்க மட்டும் நான்கைந்து பேரோடு ஒரு அறையை விட்டுவைப்பார்கள். பலகை தொங்கும், டியூப்லைட் எரியும், சார்ட்டிங் இருக்காது.

ஊரில் இருப்பவனுக்கு அது மூடல்தான். நான் மூடல் என்றே எழுதுகிறேன்.

ஏன் இப்படிப் பண்றாங்க? யாரும் கடிதமே போடறதில்லையா?

தனிப்பட்ட கடிதம் குறைந்தது உண்மை. அதை மறுக்க முடியாது. பதிவுத் தபாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-12-ல் நாடு முழுக்கச் சுமார் 24 கோடியே 44 லட்சம். 2019-20-ல் 18 கோடியே 46 லட்சம். நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதுவரை பதிவுத் தபாலுக்கு ஒரு பாதை, 1986-ல் வந்த ஸ்பீட் போஸ்ட்டுக்கு வேறு பாதை, வேறு மையம். இரண்டும் ஒன்றானதும், ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு இடம் என்ற கேள்வி தானாக வந்துவிட்டது.

ஆனால் கடிதம் குறைந்தது மட்டும் காரணம் இல்லை. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. அதற்கு முன் ஒரு சார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான ஊர்ப் பெயர்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். எந்தக் கிராமம் எந்தத் தபால் ஆபீசில் அடங்கும், அதற்கு எந்த ரயில் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். பின்கோடு வந்த பிறகு 620 என்றால் திருச்சி, 625 என்றால் மதுரை என்று முதல் மூன்று எண்ணிலேயே வேலை முடிந்தது. 1993-ல் மும்பைக்கும் 1996-ல் சென்னைக்கும் பிரிக்கும் இயந்திரம் வந்தது. 2010-ல் தொடங்கிய தபால் வலைப்பின்னல் சீரமைப்புத் திட்டம்தான் எல்-1, எல்-2 கணக்கைக் கொண்டுவந்தது. மூடலுக்கான பாதை அப்போதே போடப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

எங்க அப்பா பர்மனென்ட் ஸ்டாஃப். வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?

மாட்டார்கள் தம்பி. அப்பா தைரியமாக இருக்கலாம். மத்திய அரசில் ஒரு பணியிடம் தேவையில்லை என்று ஆனால் அதில் இருப்பவரை உபரி என்று காட்டி வேறு இடத்தில் அமர்த்த 1990-ஆம் ஆண்டின் மறுபணியமர்த்தல் விதிகள் இருக்கின்றன. நடைமுறையில் அதுவரைகூடப் போகாது. அதே கோட்டத்துக்குள் இன்னொரு அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். சார்ட்டிங் அசிஸ்டென்ட், மெயில் கார்டு (தபால் பைகளுக்குப் பொறுப்பான காவலர்), எம்.டி.எஸ் (பல வேலையும் பார்க்கும் கடைநிலை ஊழியர்) எல்லோருக்கும் இதுதான்.

ஆனால் ஆர்.எம்.எஸ் கோட்டம் என்பது மாவட்டம் மாதிரிச் சின்னது அல்ல. மதுரைக் கோட்டம் திருநெல்வேலி வரை போகிறது. கோவைக் கோட்டத்தில் சேலமும் சேரும். அதே கோட்டம் என்று சொல்லிவிட்டே நூறு கிலோமீட்டர் தள்ளிப் போட முடியும்.

அப்ப யாருக்குமே வேலை போகலைன்னு ஆபீசர் சொல்றது சரிதானே?

எனக்கு இந்தக் கேள்விதான் மிகவும் வலிக்கும். சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொல்வது சரி. பட்டியலில் இருந்த எல்லோரும் வேறு பட்டியலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோருடைய பெயரும் பட்டியலில் இருந்ததா?

எங்கள் அலுவலகத்தின் கடைசி இரவு நான் போயிருந்தேன். பத்தரை மணி ரயிலுக்கான பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சணல் கயிறு, ஈயச் சீல், லேபிள். தள்ளுவண்டியில் பைகளை அடுக்கியவர் நிரந்தர ஊழியர் இல்லை. எங்கள் பாஷையில் அவர் 'அவுட்சைடர்'. ஆள் வராத இடத்தில், காலியாக இருக்கும் இடத்தில், நாள் கூலிக்கு வருபவர். பதினாறு வருடமாக வந்தார். எந்தப் பை எந்தச் சக்கரத்துக்கு மேலே வைத்தால் வண்டி சாயாது என்று அவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் மாறுதல் ஆர்டரைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். அவரிடம் ஒன்றும் இல்லை. பிளாட்பாரத்திலிருந்து திரும்பி வந்து, காலி வண்டியை எப்போதும் நிறுத்தும் தூணோரம் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் வழக்கம்போலக் கல்லை முட்டுக்கொடுத்தார். மறுநாள் அந்த வண்டியை எடுக்க யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

அவரைப்போல, பெருக்கிக் கூட்டும் அம்மா, ஒப்பந்த வேன் டிரைவர், அவருக்குத் துணையாக ஏறும் பையன், இரவு முழுக்க டீ கொண்டுவரும் கடைக்காரர். இவர்கள் யாரும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் மாறிப்போகிறார், ஆனால் அவர் இருந்த பணியிடம் அதோடு முடிகிறது. அவர் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலிக்கு இன்னொருவர் வரமாட்டார். 2001 மே மாத உத்தரவு ஞாபகம் இருக்கிறதா? நேரடி நியமனத்துக்குரிய காலியிடங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிரப்பினால் போதும் என்றார்கள். அது 2009 வரை ஓடியது. அந்த எட்டு வருடத்தில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வேலைதான் குறைந்தது. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை பணியிடம் போனது என்று கேளுங்கள்.

நான் ஜி.டி.எஸ் மெயில்மேன்ணே. என்னையும் மாத்துவாங்களா, இல்ல வீட்டுக்கு அனுப்புவாங்களா?

நீங்கள் நடுவில் இருப்பவர். ஜி.டி.எஸ், அதாவது கிராமின் டாக் சேவக் என்பவர், நிரந்தரச் சம்பளக்காரரும் இல்லை, தினக்கூலியும் இல்லை. நான்கு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ வேலை. 10,000 அல்லது 12,000 ரூபாயில் ஆரம்பித்து மேலே அகவிலைப்படி. 65 வயது வரை. ஓய்வூதியம் கிடையாது. ஆனால் 1977-ல் உச்ச நீதிமன்றம் உங்களைப் போன்றவர்கள் (அப்போது இ.டி. ஏஜென்ட் என்று பெயர்) அரசின் சிவில் பதவியில் இருப்பவர்களே என்று சொல்லிவிட்டது. அதனால் ஒரு வார்த்தையில் நிறுத்திவிட முடியாது.

பணியிடம் போனால் அருகில் காலியாக உள்ள ஜி.டி.எஸ் இடத்தில் உங்களை வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆர்.எம்.எஸ்ஸில் இடம் இல்லையென்றால் பக்கத்துக் கிளைத் தபால் ஆபீசிலும் கேட்கலாம். வாய்ச்சொல்லாக 'பார்த்துக்கலாம்' என்பதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் பக்கத்து இடம் நிரம்பிவிடும்.

பதினாலு வருஷமா அவுட்சைடரா மூட்டை தூக்குறேன் சார். எங்கிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. நான் என்ன பண்றது?

உங்களிடம் இல்லை. ஆபீசில் இருக்கிறது. கூலி வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்தோ ரேகையோ வைத்திருப்பீர்கள். அதுதான் ஏ.சி.ஜி-17 ரசீது. பணம் யாருக்கு, எந்தத் தேதிக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். பதினாலு வருடமாக உங்கள் பெயரைத் தாங்கி நிற்கும் அரசுக் காகிதம் அது ஒன்றுதான்.

அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஒரு வெள்ளைத்தாள், கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் முகவரி. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று தெளிவாக எழுதுங்கள். 'எல்லா ஆவணமும்' என்று பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும்.

அதோடு, உங்களோடு வேலை பார்த்த நிரந்தர ஊழியர்கள் இரண்டு பேரிடம், இந்த ஆள் இத்தனை வருடம் வந்தார் என்று எழுதி வாங்குங்கள். ஓய்வு பெற்றவர்கள் தைரியமாகத் தருவார்கள். நானே மூன்று பேருக்குத் தந்திருக்கிறேன். வங்கிக் கணக்கில் கூலி வந்திருந்தால் அந்தப் பாஸ்புக்கையும் பத்திரப்படுத்துங்கள்.

சரி, பேப்பர் கிடைச்சிடுச்சு. கோர்ட்டுக்குப் போனா பர்மனென்ட் ஆகுமா?

ஆசை காட்டமாட்டேன். 2006 ஏப்ரலில் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக வந்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்ல முடியாது என்றது. பத்து வருடத்துக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருந்தவர்களுக்கு ஒருமுறை மட்டும் விலக்கு தந்தது. அதற்குப் பிறகு ஆயிரம் வழக்கில் இந்தத் தீர்ப்பையே காட்டித் தள்ளினார்கள். ஆனால் 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பல வருடம் பார்த்தவர்கள் வழக்கில், 2006 தீர்ப்பை உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாக்காதீர்கள் என்ற பொருளில் அதே நீதிமன்றம் சொல்லி அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. வழி முழுக்க அடைபடவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

நிரந்தரம் வேறு, இழப்பீடு வேறு. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்தால் வருடத்துக்கு 15 நாள் கூலி என்ற கணக்கு தொழிலாளர் சட்டத்தில் உண்டு. அஞ்சல் துறை 'தொழில்' ஆகுமா என்பதிலேயே சண்டை. 1996-ல் ஆகாது என்ற தீர்ப்பு வந்தது. 1997-ல் தொலைத்தொடர்பு வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அது தவறு என்றது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் உங்கள் வழக்கு எந்தச் சட்டத்தில், எந்த மன்றத்தில் நிற்கும் என்பதைத் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். தெருமுனையில் யாரோ சொன்னார்கள் என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

மாறுதல் ஆர்டர் வந்திருக்கு. என்ன பணம் கிடைக்கும்?

நிர்வாகக் காரணத்துக்காக 20 கிலோமீட்டருக்கு மேல் மாற்றினால், வீடு மாறுவோருக்குக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 விழுக்காடு மாறுதல் மானியமாக உண்டு. குடும்பத்துக்குப் பயணப்படி, சாமான் ஏற்றும் செலவு தனி. ஆயிரம் கிலோமீட்டர் வரை 10 நாள் சேரும் அவகாசம். தினமும் போய்வரப் போகிறீர்கள், வீடு மாறவில்லை என்றால் இந்த மானியம் இல்லை. சேரும் அவகாசமும் ஒரு நாள்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனியுங்கள். இணைப்புக்கு முன்னால் 'உங்கள் விருப்பம் என்ன, எழுதிக்கொடுங்கள்' என்று ஒரு தாள் வரும். நல்லெண்ணத்தில்தான் பல இடத்தில் கேட்கிறார்கள். ஆனால் 'எனக்கு அந்த ஊருக்கு மாறுதல் வேண்டும்' என்று எழுதிவிட்டால் அது சொந்த வேண்டுகோள் மாறுதல் என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு. சொந்த வேண்டுகோளுக்குப் பணமும் இல்லை, சேரும் அவகாசமும் இல்லை. 'என் பணியிடம் ஒழிக்கப்படுவதால், நிர்வாகம் மாற்றும் பட்சத்தில், இந்த ஊர்களை வரிசையாகக் கருதவும்' என்று எழுதுங்கள். ஆர்டரில் 'பொது நலன் கருதி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ரிலீவ் ஆகுங்கள்.

சம்பளம் குறையுமா அண்ணா?

அடிப்படைச் சம்பளம் குறையாது. கைக்கு வருவது குறையும். இரவுச் செட் பார்ப்பவர்களுக்கு இரவுப் பணிப்படி உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 43,600 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு மட்டும். அடிப்படைச் சம்பளம் 40,000, அகவிலைப்படி பாதி என்று வைத்துப் போட்டுப் பார்த்தால் முழு இரவுக்கு 400 ரூபாய் வரும். மாதம் 12 இரவு என்றால் 4,800. பகல் வேலைக்கு மாற்றப்பட்டவருக்கு அது அப்படியே போகிறது.

அதைவிடப் பெரிய வெட்டு பஸ் செலவும் நேரமும். நூறு கிலோமீட்டர் போய்வருபவர் காலை நாலரைக்கு எழுந்திருக்கிறார். என் பழைய சகா ஒருவர் சொன்னார், பிள்ளை முழித்திருக்கும்போது பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று. இதற்குப் படி எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரர் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர், பையன் மாற்றுத்திறனாளி. என்னை மாத்தக் கூடாதுன்னு கேட்க முடியுமா?

முடியும், கேட்கவும் வேண்டும். கணவன் மனைவி ஒரே ஊரில் இருக்கும்படி பார்க்க வேண்டும் என்று மத்திய பணியாளர் துறை 2009 செப்டம்பரில் உத்தரவு போட்டது. ஒருவர் மாநில அரசில் இருந்தாலும் அது பொருந்தும். இது 'இயன்றவரை' என்ற வகை, கட்டாயம் இல்லை.

பையன் விஷயம் அதைவிட வலுவானது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் கவனிக்கும் ஊழியருக்கு வழக்கமான மாறுதலிலிருந்து விலக்குத் தரும் உத்தரவு 2014-லேயே உண்டு. 2018-ல் அதை விரிவாக்கினார்கள். 'இது வழக்கமான மாறுதல் இல்லை, அலுவலகமே இல்லையே' என்று பதில் வரலாம். அப்போது, ஊரிலேயே மிச்சம் வைத்திருக்கும் பை பரிமாற்ற அறையிலோ உள்ளூர்த் தபால் ஆபீசிலோ இடம் கேளுங்கள் சகோதரி. சான்றிதழ் நகலை இணைத்து, மாறுதல் ஆர்டர் வருவதற்கு முன்பே கொடுங்கள். வந்த பிறகு கொடுத்தால் அது ஆர்டரைத் தவிர்க்கச் செய்த வேலையாகப் பார்க்கப்படும்.

ரூல் 38 போட்டு வேற இடம் வாங்கிட்டுப் போயிடலாமா?

போகலாம். சொந்த விருப்பத்தில் வேறு கோட்டத்துக்கு மாற வழி தரும் விதி அது. ஆனால் அங்கே சீனியாரிட்டியில் கடைசி ஆள் நீங்கள். முப்பது வயதுக்காரருக்குப் பெரிய நட்டம் இல்லை. பதவி உயர்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர் பேனாவை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். தவிர, இது சொந்த வேண்டுகோள், பணம் கிடையாது, முன்பே சொன்னேன்.

பேசாம வி.ஆர்.எஸ் கொடுத்துட்டுப் போயிடவா?

20 வருடம் முடித்திருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். 2004-க்கு முன் சேர்ந்த பழைய ஓய்வூதியக்காரருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி வரும் என்பதால் கணக்குப் போட எளிது. புதிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்ஸில் இருப்பவர்கள் தங்கள் கணக்கு இருப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைப் பேசவே வேண்டும்.

கோபத்தில் கொடுக்காதீர்கள். மாறுதல் ஆர்டர் வந்த வாரத்தில் எழுதிய வி.ஆர்.எஸ் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் புது இடத்தில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நோட்டீஸ் காலத்துக்குள் மனம் மாறினால் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். அது முடிந்தால் அவ்வளவுதான்.

ஊழியர் பிரச்சினை இருக்கட்டும். எங்களுக்கு என்ன ஆகும்? தபால் லேட் ஆகுமா?

பக்கத்துத் தெருவுக்குப் போடும் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து கோட்டத் தலைமையகம் 90 கிலோமீட்டர். முன்பு சாயங்காலம் போட்ட கடிதம் இரவே எங்கள் கூட்டில், அதாவது மரச் சட்டத்தில் ஊர் ஊராகப் பிரித்துவைத்த அறைகளில், விழுந்து காலையில் தபால்காரர் கைக்குப் போகும். இப்போது அது 90 கிலோமீட்டர் போய், பிரிக்கப்பட்டு, 90 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். லாரி நேரத்துக்கு வந்தால் அதிக வித்தியாசம் தெரியாது. தவறினால் ஒரு நாள் போச்சு.

நான் அதிகம் வருந்துவது இரவு கவுன்டருக்காக. தபால் ஆபீஸ் மூடிய பிறகும் ஆர்.எம்.எஸ்ஸில் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டும் வாங்குவார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் இரவு ஒன்பது மணிக்குக் கிராமத்திலிருந்து பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடிவருவார்கள். பசை காயாத உறை, பின்கோடு எழுத மறந்த உறை. ஒருமுறை ஒரு பெண் அப்பாவின் சைக்கிளில் வந்து இறங்கினாள், மழை, உறை நனைந்து மை கரைந்திருந்தது. மெயில் கார்டு தன் பையிலிருந்து புது உறை எடுத்துக் கொடுத்து, அவள் எழுதி முடிக்கும் வரை பையைக் கட்டாமல் வைத்திருந்தார். உங்கள் ஊரில் சார்ட்டிங்கை எடுத்தாலும் இந்தக் கவுன்டரையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமான கோரிக்கை அது, செலவும் பெரிதில்லை.

வெளிநாட்டுலயும் மூடறாங்களே, அவங்க என்ன பண்ணாங்க?

அமெரிக்காவில் 2012, 2013-ல் மட்டும் 140-க்கும் மேற்பட்ட சார்ட்டிங் மையங்களை இணைத்தார்கள். அங்கேயும் நிரந்தர ஊழியருக்குச் சங்க ஒப்பந்தத்தில் பாதுகாப்பு உண்டு, ஆறு வருடம் முடித்தால் ஆட்குறைப்பு இல்லை. நிரந்தரமில்லாத உதவியாளர்களுக்கு அது இல்லை. ஊரும் மொழியும் வேறாக இருந்தாலும், மேலே அவுட்சைடர் பற்றிச் சொன்னது அங்கேயும் நடந்தது.

டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. 1624-ல் தொடங்கிய தபால் சேவை. 2000-க்குப் பிறகு கடிதம் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததால் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே அரசுத் தபால் நிறுவனம் நிறுத்தியது. சுமார் 1,500 வேலைகள் போகும் என்று அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எத்தனை வேலை போகும் என்று முன்கூட்டியே எண்ணைச் சொன்னார்களே, அதை நம் ஊரிலும் செய்ய வேண்டும்.

என் பையன் எஸ்.எஸ்.சி எழுதறான். சார்ட்டிங் அசிஸ்டென்ட் வேலையை விருப்பத்துல போடலாமா?

போடலாம். ஆரம்பச் சம்பளம் அடிப்படை 25,500 ரூபாய், மத்திய அரசு வேலை. பார்சல் பெருகிக்கொண்டிருப்பதால் பிரிக்கும் வேலை அடியோடு போய்விடாது, பெரிய மையங்களுக்கு நகர்கிறது. சொந்த ஊரில் இருப்போம் என்ற நினைப்பை மட்டும் வளர்த்துக்கொள்ள வேண்டாம். இரவுச் செட் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியா ஒண்ணு சார். போராடினா மூடலை நிறுத்த முடியுமா?

சில இடங்களில் தள்ளிப்போயிருக்கிறது. ஆர்டர் வந்த பிறகு கோஷம் போடுவதைவிட, வருவதற்கு முன் கேள்வி கேட்பது பலன் தரும். ஒரு நாளைக்கு எத்தனை பை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, இணைத்தால் லாரிச் செலவு எவ்வளவு, கவுன்டரில் ஒரு மாதத்தில் எத்தனை உறை வாங்கினார்கள். இந்த நான்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, எம்.பி.யிடம் கொடுங்கள். உணர்ச்சியாகப் பேசினால் ஆறுதல் சொல்லி அனுப்புவார். எண்ணைக் கொடுத்தால் அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார்.

தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்டவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். ஆர்டர் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள். அதற்கு முன் மேலதிகாரிக்கு மனு கொடுத்திருக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால் அதன் பிறகு ஒரு வருடம். தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

அந்த ஏ.சி.ஜி-17 பத்திச் சொன்னீங்களே, ஆபீஸ் மூடின பிறகு அந்தப் பேப்பரெல்லாம் எங்கே போகும்?

இதைக் கேட்டவர் தள்ளுவண்டிக்குக் கல் முட்டுக்கொடுத்த அதே ஆள். பதிவேடுகள் கோட்டத்தின் ரெகார்ட் ஆபீசுக்குப் போகும். ஒவ்வொரு வகைக் காகிதத்துக்கும் வைத்திருக்கும் காலம் ஒன்று உண்டு, அது முடிந்தால் அழிப்பார்கள். அலுவலகம் காலியாகும்போது கட்டுக்கட்டாகப் பழைய பேப்பருக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இணைப்பு என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே விண்ணப்பத்தைப் போடுங்கள், 'இந்த ஆவணங்களை அழிக்க வேண்டாம்' என்று தனியாக ஒரு மனுவும் கொடுங்கள்.

விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது எழுத்தைப் பாருங்கள். அவருக்கு நான் எழுதிக்கொடுத்தபோது கிடைத்த நகல்களில் அவர் பெயர் மூன்று விதமாக இருந்தது. ஒரு வருடம் இனிஷியல் இல்லை, ஒரு வருடம் அப்பா பெயர் முன்னால், நடுவில் நான்கு வருடம் யாரோ ஒரு கிளார்க் ஒரு எழுத்தை விட்டு எழுதியிருந்தார். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி, மேலே அதை வைத்து, அடியில் நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கட்டினோம்.